கேட்டுக்கு வெளியே நின்ற வண்டி

ஆலைகள், தீவன மில்கள், சரக்குக் கிடங்குகள் ஆகியவற்றின் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் கேட் ரிஜிஸ்டர் கையருகே இருந்தால் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். வண்டி நம்பர் இருக்கும், இன்வாய்ஸ் நம்பர் இருக்கும், என்ன சரக்கு, எத்தனை மூட்டை, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் எல்லாம் இருக்கும். டிரைவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தாலும் அதில் பெரும்பாலும் செல்போன் நம்பரைத்தான் எழுதியிருப்பார்கள். என் அப்பா 40 வருடத்துக்கு மேல் உங்கள் வாசல்களில் இப்படி வண்டி நம்பராகவே நின்றவர். "நாப்பத்தொண்ணு எழுபத்தெட்டு, வண்டியை எடு" என்று குரல் வந்தால் எழுந்து போவார். ஒருமுறை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரை அம்மா எழுப்பியபோது, "இதோ எடுக்கறனுங்க சார்" என்று எழுந்து உட்கார்ந்தார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் அழுகை வருகிறது என்று எழுதினால் கடிதத்துக்குப் பொருத்தமாக இருக்கும், ஆனால் எனக்கு இப்போதும் சிரிப்புத்தான் வருகிறது. அவர் முகம் அப்படி இருந்தது.

போன ஆவணியில் அவர் இறந்துபோனார். 61 வயது. கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, பரணில் இருக்கும் தகரப்பெட்டியை இறக்கச் சொன்னார் அம்மா. உள்ளே 23 நோட்டுகள். லாரித் தொழிலில் ஒரு டிரிப் முடிந்ததும் டிரைவர் முதலாளியிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும். டீசல், டோல், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர், வழியில் கொடுத்தது என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளை முதலாளி வைத்துக்கொள்வார். அப்பா தனக்கென்று ஒரு நகல் எழுதி வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், ஆனால் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும்.

செலவுக் கணக்குக்குப் பக்கத்தில், ஓரத்தில், முதலாளிக்குக் கொடுக்கத் தேவையில்லாத ஒரு வரி. எல்லா நோட்டிலும் இருக்கிறது. "நின்றது 2 ராத்திரி. தண்ணி இல்லை." "நின்றது 31 மணி. கக்கூஸ் பூட்டு. சாவி இல்லை." "நின்றது ஒரு பகல். வேப்பமரம் உண்டு." மரம் இருந்தால் அதையும் எழுதியிருக்கிறார்.

2011-ஆம் வருட நோட்டை மட்டும் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். வண்டி நின்ற நாட்கள் 112. பழுதாகி நின்றதும், பண்டிகைக்கு வீட்டில் நிறுத்தியதும் இதில் சேராது. லோடு ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் உங்கள் வாசல்களில் நின்றது மட்டும். வருடத்தில் கிட்டத்தட்ட நாலு மாதம். அப்பா லாரி ஓட்டிப் பிழைத்தார் என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் ஊர் சங்ககிரி. மலைக்கோட்டையை விட்டால் லாரிக்குத்தான் பேர்போனது. எங்கள் தெருவில் லாரியோடு தொடர்பில்லாத வீடு பூசாரி வீடு ஒன்றுதான், புது வண்டிக்கெல்லாம் அவர்தான் பூஜை போடுவார் என்பதால் அதையும் கணக்கில் விட முடியாது. தாத்தாவுக்கு இருந்தது மானாவாரிக் காடு. ஒரு வருடம் கடலைக்காய் காய்ந்துபோக, 14 வயதில் அப்பா கிளீனராக லாரியில் ஏறினார். சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, கண்ணாடி துடைப்பது, பின்னால் போய் நின்று "வரட்டும், வரட்டும்" என்று குரல் கொடுப்பது, ரோட்டோரம் ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்குவது. இதிலிருந்து ஸ்டியரிங்குக்கு நகர ஏழு வருடம் ஆனதாகச் சொல்வார்.

கடைசி 20 வருடம் அவர் அதிகம் ஓடிய லைன் ஒன்றுதான். போகும்போது சேலத்து ஜவ்வரிசி. மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் விரத நாளில் அரிசி, கோதுமையைத் தொடமாட்டார்கள், ஜவ்வரிசிக் கிச்சடிதான். சிவராத்திரிக்கும் நவராத்திரிக்கும் முன்னால் லோடு நெருக்கும். வரும்போது இந்தூர்ப் பக்கத்திலிருந்து சோயாப் புண்ணாக்கு, நாமக்கல் கோழிகளுக்கு. வடக்கே பட்டினி கிடப்பவர்களுக்கும் தெற்கே ஆம்லெட் சாப்பிடுபவர்களுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தவர் அப்பா. இரண்டுமே நனையக் கூடாத சரக்கு. ஒரு மூட்டை நனைந்தாலும் டிரைவர் கணக்கில்தான் பிடித்தம். தார்ப்பாயை இரண்டு சுற்று போட்டு அவர் கயிறு இழுத்துக் கட்டியதை அவிழ்க்க லோடுமேன்கள் திட்டிக்கொண்டே சிரமப்படுவார்களாம். அதை ஒரு விருது மாதிரி சொல்லிக்கொள்வார்.

வீட்டுக்கு மாதத்தில் நாலைந்து நாள் வருவார். அந்த நாலைந்து நாளுக்குள் ரேஷன் கடை, தாத்தாவின் கண் ஆஸ்பத்திரி, என் ஸ்கூல் பீஸ், ஒழுகும் ஓடு என்று எல்லா வேலையையும் முடித்துவிட்டுத்தான் தூங்குவார். டிரிப் பணத்தை எண்ணாமல் அம்மாவிடம் கொடுப்பார், அம்மா எண்ணிவிட்டுச் செலவுக்கு அவருக்குத் திருப்பிக் கொடுப்பார். எனக்கும் தம்பிக்கும் பாதத்தின் நீளத்தை நூலால் அளந்து, முடிச்சுப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். கோலாப்பூர் வழியாக வரும்போது செருப்பு வாங்குவதற்கு. அவர் திரும்பி வருவதற்குள் எங்கள் கால் வளர்ந்திருக்கும். செருப்பு ஒருபோதும் சரியாக இருந்ததில்லை. அடுத்த முறை முடிச்சை ஒரு விரற்கடை தள்ளிப் போடலாம் என்று கடைசிவரை அவருக்குத் தோன்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

அவரிடமிருந்து வரும் போனில் நாங்கள் காத்திருந்தது ஒரே ஒரு வாக்கியத்துக்கு. "தொப்பூர் இறங்கிட்டேன்." தருமபுரியைத் தாண்டி வரும் தொப்பூர்க் கணவாய் எவ்வளவு மோசமான இறக்கம் என்பது உங்கள் வண்டிகளுக்கும் தெரியும். லோடு வண்டியை அதில் இறக்கிவிட்டால் அப்புறம் சேலம், அப்புறம் வீடு. அந்த போன் வந்ததும் அம்மா உலை வைப்பார். ஆனால் வண்டியில் சோயா இருந்தால் வீடு அப்புறம்தான். சேலத்திலிருந்து நாமக்கல் பக்கம் மில்லுக்குப் போய், இறக்கிவிட்டுத்தான் வர வேண்டும். உலை கொதித்து, வடித்து, ஆறிப்போய், மறுநாள் பழையசோறாகி, அதற்கும் மறுநாள் அவர் வருவார். அந்த மில்லுக்கும் வீட்டுக்கும் மிஞ்சி மிஞ்சிப் போனால் 50 கிலோமீட்டர்.

உங்களுக்கு நான் எழுத உட்கார்ந்ததே ஒரு பொங்கலைப் பற்றிச் சொல்லத்தான்.

2009-ஆம் வருடம். நான் எட்டாவது படித்தேன். 12-ஆம் தேதி சாயங்காலம் அப்பாவின் வண்டி ஒரு தீவன மில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. பெயர் வேண்டாம். லோடுமேன்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள், 17-ஆம் தேதி காலையில்தான் இறக்குவோம் என்று சொல்லிவிட்டார்கள். வண்டியை உள்ளே விட்டால் அப்பா பஸ் பிடித்து வீட்டுக்கு வந்திருப்பார். உள்ளே விடவில்லை. ரோட்டில் நிறுத்திவிட்டு வரவும் முடியாது. டீசல் போகும், ஸ்டெப்னி போகும், தார்ப்பாய் போகும், போனால் எல்லாம் டிரைவர் தலையில். வண்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு கிளீனர்ப் பையன் இருந்தான். அவனைத்தான் அப்பா தன் கைக்காசைக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். "சின்னப் பையன், அவங்கம்மா பாத்துக்கிட்டு இருக்குமல்ல" என்றாராம். எங்கள் அம்மா பார்த்துக்கொண்டிருப்பதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

மாட்டுப் பொங்கலன்று அம்மா ஒரு முடிவெடுத்தார். தூக்குப்போசியில் பொங்கல், டிபன் கேரியரில் குழம்பும் பொரியலும், பாதியாக வெட்டிய கரும்பு. என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு, அங்கிருந்து நாமக்கல், அப்புறம் ஒரு டவுன் பஸ். போய் இறங்கினால் அப்பா எதிர்த் தோட்டத்து மோட்டாரில் தண்ணீர் கேட்டு வாங்கி லாரியைக் கழுவி முடித்திருந்தார். மூஞ்சிக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கண்ணாடிக் கம்பியில் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்துக் காப்புக் கட்டியிருந்தார். "இதுவும் நம்ம மாடுதான்" என்றார். "இது பால் கறக்குமா?" என்று தம்பி கேட்டான். "நல்லாக் கறக்கும். ஆனா மொதலாளிக்கு" என்றார். வண்டியின் நிழலில் தார்ப்பாயை விரித்து நாலு பேரும் சாப்பிட்டோம். செக்யூரிட்டி அண்ணாவுக்கும் ஒரு வாழையிலையில் வைத்து அம்மா கொடுத்தார். எனக்கு நினைவிருக்கும் பொங்கல்களில் அதுதான் சிறந்தது. மூன்று மணி வரை.

மூன்று மணிக்கு அம்மாவுக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியவர். ஒரு பக்கம் மில் சுவர், மறு பக்கம் வெட்டவெளித் தோட்டம், நடுவே ரோடு. அம்மா என்னிடம் சொல்ல, நான் அப்பாவிடம் சொல்ல, அப்பா செக்யூரிட்டியிடம் போனார். "ஏனுங்க தம்பி, ஒரே ஒரு வாட்டி. வீட்டுக்காரி." அவர் சங்கடப்பட்டார். எங்கள் சோற்றைச் சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே போன் போட்டுக் கேட்டார். யாரோ மறுமுனையில் பேசினார்கள். "ஸ்டாஃபுக்கு மட்டுந்தான்னு சொல்றாங்கண்ணா" என்றார்.

அப்பா ஐந்து பாஷையில் சண்டை போடக் கூடியவர். கோலாரில் கன்னடத்திலும் நாக்பூரில் மராத்தியிலும் போலீஸ்காரர்களிடம் அவர் வாதாடிய கதைகளை நாங்கள் சினிமா மாதிரி கேட்டிருக்கிறோம். அன்றைக்குத் தமிழில் அவரால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. திரும்பி வந்து, "அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்புங்க" என்று மட்டும் சொன்னார். அம்மா நாமக்கல் பஸ் ஸ்டாண்டு வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். பாத்திரம்கூட வண்டியிலேயே தங்கிவிட்டது.

நோட்டில் அந்த நாளுக்கு நேரே ஒன்றுமே எழுதவில்லை. 12 முதல் 17 வரை ஒரு கோடு போட்டு "நின்றது" என்று மட்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று அதற்கப்புறம் வரும் பக்கங்களில் இருக்கிறது. அந்தப் பொங்கலுக்குப் பிறகு சோயா லோடு வரும் நாட்களில் அப்பாவின் போன் மாறியது. "எங்கீங்க இருக்கீங்க?" என்று அம்மா கேட்டால், "இன்னும் தொப்பூர் வரலை" என்பார். சில சமயம் "பெங்களூர் தாண்டலை" என்பார். நாங்கள் நம்பினோம். நோட்டைப் பார்த்தால் அந்தத் தேதிகளில் அவர் நாமக்கல்லில் நிற்கிறார். ஒரு முறை இரண்டு ராத்திரி, ஒரு முறை மூன்று. பக்கத்தில் இருப்பது தெரிந்தால் அம்மா மறுபடியும் தூக்குப்போசியோடு கிளம்பி வந்துவிடுவார் என்று பயந்திருக்கிறார். நாங்கள் வந்தால் எங்கே உட்காரவைப்பது, எங்கே அனுப்புவது? தொப்பூரை அவர் வேண்டுமென்றே தாண்டாமல் இருந்தார்.

இதை அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், பெட்டி வீட்டில்தான் இருக்கிறது, ஒருவேளை அவருக்கு முன்பே தெரிந்திருக்கலாம்.

அப்போதைய சட்டம் என்ன சொன்னது என்று பிறகு தேடிப் படித்தேன். 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம் குடிநீர், கழிப்பறை எல்லாம் வைக்கச் சொன்னது. 150 தொழிலாளிக்கு மேல் இருந்தால் ஓய்வறையும் வேண்டும் என்றது. ஆனால் எல்லாமே அங்கே வேலை பார்க்கும் தொழிலாளிக்கு. உங்கள் சரக்கைக் கொண்டுவந்து நிற்பவர் உங்கள் தொழிலாளி இல்லை. 1961-ஆம் வருடத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், இரவில் தங்க நேரும் இடங்களில் முதலாளி ஓய்வறை தர வேண்டும் என்றது. ஆனால் 5 பேராவது வேலை பார்க்கும் நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம். அப்பாவின் முதலாளிக்கு இரண்டு லாரி. இரண்டு டிரைவர், இரண்டு கிளீனர், நாலு பேர். அதே சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வரி இருந்தது. முனையத்தில் சும்மா காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அதையும் வேலை நேரத்தில் சேர்க்க வேண்டுமாம். 31 மணி நேரத்தை என்ன செய்வது என்று எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. 2020-ல் இந்த இரண்டு சட்டங்களையும் ஒரே தொகுப்புக்குள் கொண்டுபோக நாடாளுமன்றம் முடிவெடுத்தது, 2025 நவம்பரில் அந்தத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. தொகுப்பில் எங்கே வைத்தாலும் டிரைவர் ஒருவர் கேட்டுக்கும் முதலாளிக்கும் நடுவில் ரோட்டில்தான் நிற்கிறார்.

துணிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தச் செய்தியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "நல்லதுதான். எனக்கு சீட் இருக்குது அம்மிணி, எந்திரிச்சுப் போக எடந்தான் இல்ல" என்றார்.

இனி நான் சொல்லப்போவது உங்களைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி. ஏனென்றால் நானும் நாலு வருடம் உங்களில் ஒருத்தி. 2018 முதல் 2022 வரை சென்னைக்கு வெளியே ஒரு கிடங்கில், உள்ளே வரும் சரக்கைப் பதியும் இன்வார்டு டெஸ்க்கில் வேலை பார்த்தேன். பி.காம். முடித்த லாரி டிரைவர் மகளுக்கு அது பொருத்தமான வேலை என்று எல்லோரும் சொன்னார்கள். வண்டி உள்ளே வந்ததிலிருந்து சரக்கு இறக்கி வெளியே போவது வரை எத்தனை மணி நேரம் என்று தினமும் மேலே ரிப்போர்ட் போகும். அது மூன்று மணிக்குள் இருக்க வேண்டும். இருந்தது. எப்படி என்று உங்களுக்குத் தெரியும். சரக்கு இறக்கும் மேடையான டாக் காலியாகும் வரை வண்டியை கேட்டுக்குள் விடமாட்டோம். கேட் இன், அதாவது உள்ளே வந்த நேரம், போட்டால்தானே கடிகாரம் ஓடும்? வெளியே ரோட்டில் ராத்திரியிலிருந்து நிற்கும் வண்டி எங்கள் கணினியில் இன்னும் பிறக்கவே இல்லை. காலை 10 மணிக்குக் கூப்பிட்டு, கேட் இன் போட்டு, 12.30-க்கு வெளியே அனுப்பினால் இரண்டரை மணி நேரம். மேலிடத்திலிருந்து பாராட்டி மெயில் வரும். அந்த மெயிலை நான் சேமித்தும் வைத்திருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் அப்பா போனில் கேட்டார். "உங்க கேட்டுல டிரைவருங்களுக்குக் கக்கூஸ் இருக்குதா அம்மிணி?"

"இருக்குதுங்கப்பா" என்றேன்.

இல்லை. அவரிடம் நான் சொன்ன பொய்களில் பெரியது அதுதான். அடுத்த வாரம் நிர்வாகத்தில் கேட்டுப்பார்த்தேன். வெளியே கழிப்பறை வைத்தால் யார் கழுவுவது, உள்ளே விட்டால் சரக்குக்கு யார் பொறுப்பு என்று இரண்டு கேள்வி வந்தது. இரண்டுமே நியாயமான கேள்விகள். நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டின் ஓரத்தில் ஒரு தண்ணீர் கேன் மட்டும் வைக்கச் செய்தேன். அது குடிக்க உதவியது, ஆனால் தண்ணீர் குடித்தால் அடுத்த பிரச்சினை வரும் என்று டிரைவர்கள் பாதிப் பேர் அதைத் தொடவில்லை. அப்பாவும் அப்படித்தான். லோடு வண்டியில் இருந்தால் வாயை நனைத்துக்கொள்வாரே தவிரக் குடிக்கமாட்டார். 2019-ல் அவருக்குச் சிறுநீரகக் கல் வந்தபோது, தண்ணீர் நிறையக் குடிங்கள் என்றார் டாக்டர். "குடிக்கலாமுங்க, ஆனா எங்க போறது?" என்று அப்பா கேட்க, டாக்டர் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்.

கல்லோடு சர்க்கரையும் சேர்ந்து கடைசியில் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோனதற்கு உங்கள் வாசல்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. பரம்பரையில் சர்க்கரை உண்டு, நேரங்கெட்ட சாப்பாடு உண்டு, அவருடைய பிடிவாதமும் உண்டு. 2022-ல் ஸ்டியரிங்கை விட்டார். அப்புறம் மூன்று வருடம் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் கட்டிலில் படுத்துக்கிடக்க வேண்டும். "இதுவும் ஹால்டிங்தான் அம்மிணி, ஆனா இங்க பேன் இருக்குது" என்பார். பக்கத்துக் கட்டில்காரரிடம் ஊர், பெயர், பிள்ளைகள் எத்தனை எல்லாம் முதல் நாளே விசாரித்துவிட்டார். 40 வருடம் தன்னிடம் யாரும் கேட்காததை அவர் எல்லோரிடமும் கேட்பார்.

ஒரு விஷயத்தை நீங்கள் யோசிக்க வேண்டும். அப்பா வண்டி ஏறிய காலத்தில் எல்லா இடத்திலும் நின்றார்கள். வாளையார் செக்போஸ்ட்டில் கேரளாவுக்குள் போகும் லாரிகள் ஒரு நாள், இரண்டு நாள் வரிசையில் நின்ற கதை கோயம்புத்தூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, வரி செக்போஸ்ட்டுகள் போயின. அந்த மாதம் அப்பா எங்களுக்கு மைசூர்பாகு வாங்கி வந்தார், எந்த அரசாங்க நடவடிக்கைக்கும் அவர் இனிப்பு வாங்கியது அந்த ஒரு முறைதான். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேகைக் கட்டாயமாக்கினார்கள், டோல்கேட் வரிசை சுருங்கியது. ஜிஎஸ்டிக்குப் பின்னால் 2018-ல் வந்த இ-வே பில் என்ற ஆன்லைன் சரக்குச் சீட்டு, வண்டி ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் போக வேண்டும் என்று கணக்கு வைத்து விரட்டுகிறது. இவ்வளவும் சேர்ந்து வண்டியை வேகமாக உங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அங்கே வந்து அது நிற்கிறது.

அப்பா இறந்த 2025-ஆம் வருடத்தில்தான், புதிதாகத் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், அடுத்த நிமிடமே குறையும் சொல்லியிருப்பார். எஞ்சின் ஓடினால்தான் ஏசி ஓடும். உங்கள் வாசலில் வந்து நின்றதும் செக்யூரிட்டி சொல்லும் முதல் வார்த்தை, "இன்ஜினை ஆஃப் பண்ணுங்க."

இப்போதெல்லாம் பெரும்பாலான வண்டிகளில் கிளீனரும் கிடையாது. தனி ஆள். ஒருவர் வண்டியைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் பக்கத்து ஊருக்கு நடந்துபோய்க் குளித்து வருவதெல்லாம் பழங்கதை.

எனவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கேட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டி, ஒரு கழிப்பறை, ஒரு குழாய், ஒரு தகரக் கூரை, அதன் கீழே ஒரு பெஞ்ச். யார் கழுவுவது என்ற கேள்விக்கு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு முப்பது வண்டி வரும் இடத்தில், வண்டிக்குப் பத்து ரூபாய் ஒதுக்கினால் தினம் 300 ரூபாய், ஒருவரைப் பகுதிநேரத்துக்கு வைக்கலாம். நீங்கள் ஒரு வண்டிக்குச் செய்யும் மற்ற செலவுகளோடு இதை வைத்துப் பாருங்கள். பெண்களும் போகிற மாதிரி கட்டுங்கள். டிரைவர் ஆண்தானே என்பீர்கள், ஆனால் தூக்குப்போசியோடு யாராவது வருவார்கள்.

வண்டி வந்து நின்ற நேரத்தை வந்து நின்ற நேரமாகவே எழுதுங்கள். கேட் இன் வேறு, வருகை வேறு என்று இரண்டு கட்டம் போட்டால் போதும். உங்கள் ரிப்போர்ட் அசிங்கமாகத்தான் வரும். முதல் மாதம் மேலிடத்தில் கத்துவார்கள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள், எனக்குத் தெரியும். செய்யவில்லை என்பதும் தெரியும். பண்டிகை நாளில் இறக்க ஆளில்லை என்றால், வண்டியை உள்ளே வாங்கிப் பூட்டிக்கொண்டு டிரைவரை வீட்டுக்கு அனுப்புங்கள். அப்பாவுக்கு 50 கிலோமீட்டர்தான் இருந்தது.

முடிந்தால் அந்தப் பெயர்க் கட்டத்தில் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கழிப்பறை கட்டியபின் பூட்டுப் போடுவீர்கள், அது எனக்குத் தெரியும். சாவியை செக்யூரிட்டி அறைக்குள் வைக்காதீர்கள். ஷிஃப்ட் மாறும்போது அது யார் பாக்கெட்டிலாவது வீட்டுக்குப் போய்விடும். பூட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணி அடித்து மாட்டிவிடுங்கள். "சாவி இல்லை" என்று அப்பாவின் நோட்டுகளில் இதுவரை 17 இடத்தில் எண்ணியிருக்கிறேன். இன்னும் ஆறு நோட்டு பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
சங்ககிரியிலிருந்து,
4178 டிரைவரின் மகள்